பின் சக்கரத்தின் உள்பக்கம்

1

இன்று ஊரில் தீபம். மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் ஏற்றும்போது இங்கே காலை ஏழரை. நீங்கள் எல்லாரும் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் சமையலறை மேஜையில் ஓட்ஸ் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். வெளியே பனி. இந்த மிச்சிகன் மாகாணத்தில் என் மகன் வீட்டுப் பக்கம் மலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கண்ணுக்கு உயரமாகத் தெரிவது கடைத்தெருவின் விளம்பரக் கம்பம்தான்.

நான் இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என் பழைய நண்பர். கடிதத்துக்குக் கடிதம், அங்கத்திய அனுபவங்களை எழுதுங்கள் என்பார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்குக் காரணம் கரீம் பாய். செங்கம் சாலையில் பஸ் சீட்டு தைக்கும் கடை வைத்திருக்கும் அதே கரீம் பாய். இந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பவர். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல், அவர் படிக்கும் இடத்தில் பனியைப் பற்றியும் பல்பொருள் அங்காடியைப் பற்றியும் எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்த வருடம் இந்த வீட்டில் ஒரு காருக்குப் பின் பிரேக் மாற்றினோம். அதனால் எழுதுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் மோட்டார் வாகன ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் எங்களை பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். பஸ்ஸோ லாரியோ சாலைக்கு வர லாயக்கா என்று பார்த்து, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை. எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த விதியின் எந்த உட்பிரிவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

மிச்சிகனில் சொந்த வண்டிக்கு எஃப்.சி. என்ற ஒன்றே கிடையாது. ஆளாளுக்கு வண்டி வாங்குகிறார்கள், ஓட்டுகிறார்கள், சாகிறார்கள், பிழைக்கிறார்கள். வந்த புதிதில் இதைக் கேட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருடம் நான் செய்த வேலை இல்லாமலே ஒரு மாகாணம் நடக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் காலம் பிடித்தது.

ஆனால் நான் உயிரோடிருக்கிறேன் என்பதற்கு மட்டும் ஒவ்வொரு நவம்பரிலும் சான்று அனுப்ப வேண்டும், பென்ஷனுக்காக. இங்கே அதற்கு ஒரு நோட்டரியிடம் போகிறோம். தடித்த கண்ணாடி போட்ட மனிதர். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'இவர் என் முன் நேரில் வந்தார்' என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை அழுத்தினார். என் மகன் சேகர் வெளியே வந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சக ஊழியரை அடையாளம் கண்டுகொண்டது போல இருந்தது.

3

சேகருக்கு நாற்பது வயது. ஒரு கார்க் கம்பெனியில் இன்ஜினியர். என் மருமகள் மருத்துவமனையில் வேலை. பேத்தி நித்யாவுக்குப் பதினாறு முடியப் போகிறது. பதினாறானால் இங்கே லைசென்ஸ், லைசென்ஸ் வந்தால் பெற்றோரோடு இருக்கும் உறவில் பாதி முடிந்தது. அவளுக்கென்று சேகர் ஒரு பழைய காரைத் தேடி வாங்கினான். இருபது வருடத்துக்கு முந்தையது. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், பாசிப்பச்சை நிறம். "இதுக்குப் பேரு மசில் கார், தாத்தா" என்றாள் நித்யா. தசைக் கார். பெயர் சரிதான். ஓட மட்டும் தெரிந்த ஜாதி. நிற்பதைப் பற்றி அதைச் செய்தவர்கள் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

"பின்னாடி டிரம் பிரேக்தான் இருக்கு. ரெண்டு தடவை வேகமா அடிச்சா சூடேறி அப்புறம் பிடிக்க மாட்டேங்குது. டிஸ்க் போட்டுட்டுத்தான் இவகிட்ட சாவி குடுப்பேன்" என்றான் சேகர்.

டிரம் என்பது கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி. அதற்குள்ளே பிரேக் கட்டைகள் விரிந்து உள்சுவரைப் பிடிக்கும். டிஸ்க் என்பது திறந்தவெளியில் சுழலும் ஒரு இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் பேடு எனும் உராய்வுத் துண்டுகள் கவ்வும். கேட்லாக் பார்த்துத் தபாலில் வரவழைத்த பெட்டியில் தட்டு, பேடுகளைப் பிடித்திருக்கும் கவ்வி, தாங்கு கம்பி, போல்ட் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு சனி ஞாயிறும் சேகர் ஷெட்டில் படுத்துக் கிடந்தான். அச்சை உருவினான், டிரம்மைக் கழற்றினான், தாங்கு கம்பி பொருந்தாமல் அரம் போட்டான். நான் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து விதிகளைச் சொன்னேன்.

ஒருநாள் உதிரிபாகக் கடைக்கு என்னை மட்டும் அனுப்பினான். ஸ்டெப்னி மாட்டும் போல்ட், டிக்கி ரப்பர் என்று நான் கேட்டேன். இங்கே யாரும் கேட்டிராத சொற்கள். கவுண்டரில் இருந்தவர் மிகுந்த மரியாதையோடு நான் வழி தவறி வந்துவிட்டேனா என்று விசாரித்தார். முப்பது வருடம் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியவன் வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அன்று வேலை நாள், வீட்டில் நான் மட்டும். ஷெட்டில் கார் கட்டைகள்மேல் நின்றது. பின் சக்கரங்கள் இல்லை. இரண்டு புதுத் தட்டுகளும் மாட்டியிருந்தன, கவ்வி இன்னும் மாட்டவில்லை. முந்தின நாள்தான் சேகர் அவற்றை ஏதோ திரவத்தால் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தான்.

ஆயுத பூஜைக்கு நம் பட்டறைகளில் என்ன செய்வோம்? இரும்பைத் துடைப்போம். துருப்பிடிக்காமல் லேசாக எண்ணெய் தொட்டுத் தடவுவோம். பிறகு சந்தனம், குங்குமம். சிறுவயது முதல் பார்த்தது, செய்தது. சமையலறையிலிருந்து நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போனேன். ஒரு துணியில் தொட்டு இரண்டு தட்டுகளிலும் முன்னும் பின்னும் தடவினேன். நடுக் குமிழில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சூடம் ஏற்றினேன். புகை எச்சரிக்கை மணி அலறியது. அதை நிறுத்தத் தெரியாமல் கதவைத் திறந்து வைத்தேன்.

டிரம்முக்கு இப்படி வெளியே தடவினால் ஒன்றும் ஆகாது. பிடிக்கும் பக்கம் உள்ளே பத்திரமாக இருக்கும். டிஸ்க்குக்கு வெளியே இருப்பதுதான் பிடிக்கும் பக்கம். இது எனக்குப் புத்தகத்தில் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். என் கைக்குத்தான் தெரியவில்லை. கை ஆயுள் முழுக்க டிரம்மையே பார்த்தது.

சனிக்கிழமை சேகர் பொட்டைப் பார்த்தான். "பூஜையெல்லாம் ஆச்சா!" என்று சிரித்து, குமிழில் இருந்த குங்குமத்தை அப்படியே விட்டுவிட்டுக் கவ்வியை மாட்டினான்.

4

முதல் ஓட்டத்துக்கு மூவரும் போனோம். சேகர் ஓட்டினான், பக்கத்தில் நித்யா, பின்னால் நான். தெருமுனையில் நிறுத்தக் கோடு. சேகர் பிரேக்கை அழுத்தினான். முன் சக்கரங்கள் பிடித்தன. பின் சக்கரங்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் உருண்டன. கோட்டைத் தாண்டி, நாற்சந்தியின் நடுவில் போய் நின்றோம். ஒரு பால் வண்டி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் ஓட்டுநர் சொன்ன வார்த்தையை நித்யா மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

ஓரமாக நிறுத்தினோம். சேகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். நித்யா மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா, தோசை வாசனை வருது."

"கொஞ்ச நேரம் சும்மா இரு, நித்யா."

"நிஜமா. பாட்டில்ல இருக்குமே அந்த ஆயில். தாத்தா, உனக்கு வரலை?"

"எனக்குச் சளி" என்றேன்.

சூடான இரும்பில் நல்லெண்ணெய் கருகும் வாசனை. பேடு குடித்திருந்த எண்ணெய். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும். சொல்லவில்லை.

அடுத்த மூன்று வார இறுதிகள் சேகர் தன் வேலையில் தப்பைத் தேடினான். குழாய்களை மாற்றினான். முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பிரிக்கும் வால்வை மாற்றினான். கையேட்டை வரிவரியாகப் படித்தான். "எங்கயோ நான்தான் தப்பு பண்ணியிருக்கேன்" என்றான் சாப்பிடும்போது. "கம்பெனியில பிரேக் டிசைன் பண்றவன். சொந்தப் பொண்ணுக்கு ஒரு பிரேக் போடத் தெரியலை."

நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

நித்யாவின் பிறந்தநாள் வந்து போனது. சாவி தரவில்லை. அவள் தோழியின் காரில் போகத் தொடங்கினாள். அந்தத் தோழி எப்படி ஓட்டுவாள் என்பதை ஜன்னல் வழியாகவே பார்த்திருக்கிறேன்.

5

இனி ஊருக்கு வருகிறேன். எழுபதுகளின் தொடக்கம்.

தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெளியூர்க் கூட்டத்தை ஏற்றிவரும் சிறப்பு பஸ்களுக்குத் தகுதி பார்க்க வேண்டும். வேங்கிக்கால் ஏரிப் பக்கத்துச் சாலையில்தான் பார்ப்போம். அன்றைக்கு அங்கே வயலும் தண்ணீரும்தான். நடைமுறை இது: சாலையில் சுண்ணாம்புக் கோடு. வண்டி வேகமாக வந்து கோட்டில் பிரேக் போட வேண்டும். நின்ற தூரத்தை அளக்க வேண்டும். பிறகு ஆய்வாளர் டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் போய், ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அச்சின் எண்ணெய் கசிந்து பிரேக்குக்குள் போனால் டயரின் உள்சுவரில் கறுப்பாக வழிந்திருக்கும். வெளியிலிருந்து தெரியாது.

அன்று இருபது வண்டிக்கு மேல் வரிசை. காலையில் மழை பெய்து சாலையெல்லாம் சகதி. ஐந்து மணிக்கு வேலூரிலிருந்து வந்த மேலதிகாரியின் கூட்டம். என் காக்கி உடுப்பு சலவையிலிருந்து அன்றுதான் வந்திருந்தது.

கடைசிக்கு முந்தின வண்டி முனுசாமி ஓட்டியது. சக்கரங்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் பூசி, சாமந்தி மாலை சுற்றியிருந்தார்.

"சார், குளிப்பாட்டிப் பொட்டு வெச்சுட்டேன் சார். கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது பாருங்க."

"மாப்பிள்ளை நீதானாய்யா?" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஈர ரோட்டில் கோடு அழிந்துவிட்டதால் ஓட்டிப் பார்க்கவும் இல்லை. அடியில் போகவும் இல்லை. முழங்காலில் சகதி படும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று பல வருடம் தேடியிருக்கிறேன். இல்லை.

தீபத்தன்று காலை, கூட்டத்தை ஏற்றிவரச் செங்கத்துக்குக் கிட்டத்தட்டக் காலியாகப் போன அந்த பஸ், ஒரு பாலத்தருகே குறுக்கே வந்த மாட்டு வண்டிக்கு நிற்க முடியாமல் கால்வாயில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் இரண்டு பேர். முனுசாமி ஒருவர். மற்றவன் அன்வர், கரீம் பாயின் மகன். செங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். என் மகன் சேகரின் உயிர் நண்பன். இருவருக்கும் இருபத்திரண்டு வயது.

வேறொரு ஆய்வாளர் வந்து பார்த்தார். வண்டி சாய்ந்து கிடந்ததில் எல்லா எண்ணெயும் எல்லா இடத்திலும் வழிந்திருந்தது. கோளாறு முன்பே இருந்ததாகச் சொல்ல இயலாது என்று எழுதினார். என் சான்று ஒழுங்காக இருந்தது. பழி முனுசாமிமேல் போனது. இறந்தவர்மேல் பழி போடுவதில் ஒரு வசதி, அவர் மேல்முறையீடு செய்ய மாட்டார்.

பஸ்ஸை இழுத்துவந்து நிறுத்தியிருந்த போலீஸ் ஸ்டேஷன் வளாகத்துக்கு நான் தனியாகப் போனேன். பின் சக்கரத்தின் உட்புறம் கையை விட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது புது எண்ணெய் இல்லை. தூசியோடு இறுகித் தார் மாதிரி ஆகியிருந்தது. பல வாரத்துக் கசிவு. குனிந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். கையைக் கர்சீப்பில் துடைத்து, கர்சீப்பை வழியில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து கரீம் பாய் கடையைத் தாண்டிப் போகும்போது அவரே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"சார், ஆளாளுக்கு வண்டி சரியில்லன்றாங்க. நான் ஒத்துக்கல. நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்ட வண்டி சார் அது. வண்டி மேல தப்பிருக்காது. முனுசாமி ராத்திரியெல்லாம் ஓட்டிட்டுக் கண்ணசந்துட்டான். நீங்க மனசைப் போட்டு ஜாஸ்தி அலட்டிக்காதீங்க."

அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் டீயைக் குடித்தேன்.

சேகர் ஒன்றுமே கேட்கவில்லை. கொஞ்ச நாளில் வேலை, கல்யாணம், பிறகு அமெரிக்கா. பதினெட்டு வருடம் எங்களுக்குள் அந்த பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவன் கேட்காததை நான் எனக்குக் கிடைத்த விடுதலையாகவே எடுத்துக்கொண்டேன்.

6

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "இன்னும் ஒரு தடவை ஏர் எடுத்துப் பாக்கலாம். சரியா வரலைன்னா பழைய டிரம்மையே மாட்டி வண்டியை வித்துடறேன்" என்றான் சேகர்.

பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மற்றவர் அடியில் படுத்து, சக்கரத்தருகே உள்ள நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பவருக்குப் படுத்திருப்பவரின் முகம் தெரியாது.

"அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"பிடிங்க... ம், எடுங்க. மறுபடி."

நாலைந்து முறை ஆனது. பிறகு நான், "சேகர், காத்து இல்லைடா. தட்டுல எண்ணெய் இருந்தது" என்றேன்.

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய். ஆயுத பூஜை அன்னிக்கு நான்தான் தடவினேன். துருப்பிடிக்கக் கூடாதுன்னு."

கீழே ஸ்பேனர் விழும் சத்தம். பிறகு சிரிப்பு. அவன் இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருடம்.

"பிரேக் இன்ஸ்பெக்டர்! அவ தோசைன்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். வேற பேடு போட்டாப் போதும், ஒரு மணி நேர வேலை. ஒரு மாசமா நான் மண்டையை உடைச்சிட்டிருக்கேன். ஏம்பா சொல்லலை?"

"சொல்லிப் பழக்கமில்லை."

பழக்கத்தில் அவன், "அமுக்குங்க" என்றான். அமுக்கினேன். நிப்பிளைத் திறந்தான். பெடல் மெதுவாகத் தரையைத் தொட்டது.

"அந்த வண்டியிலயும் எண்ணெய்தான்" என்றேன்.

எந்த வண்டி என்று அவன் கேட்கவில்லை.

சொன்னேன். சகதி, காக்கி உடுப்பு, மாலை, மாப்பிள்ளை என்று நான் அடித்த ஜோக், பிறகு விரலில் ஒட்டிய தார். ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னேன். பெடலிலிருந்து காலை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க. நிப்பிள் திறந்திருக்கு, காத்து உள்ளே போயிடும்."

குரல் வேறு மாதிரி இருந்தது. நான் மிதித்தபடியே இருந்தேன்.

"அன்னிக்கு ரெண்டு வண்டி நின்னுட்டிருந்தது" என்றான் கீழேயிருந்து. "முன்னாடி வண்டியிலதான் அன்வர் ஏறினான். நான்தான் கையைப் பிடிச்சு இறக்கினேன். 'டேய், பின்னாடி வண்டி எங்கப்பா பாத்த வண்டிடா, எஃப்.சி.ல அவர் கையெழுத்து இருக்கு, தைரியமா அதுல போ'ன்னேன். அவன் சிரிச்சான். 'உங்கப்பா கையெழுத்து என்ன தாயத்தா'ன்னான். ஆனா ஏறினான்."

இதற்குப் பதில் சொல்ல எந்த விதியிலும் இடமில்லை.

"உங்ககிட்ட எப்படிக் கேப்பேன்? நீங்க பாத்தேன்னு சொன்னா நம்பணும். பாக்கலைன்னு சொன்னா, அவனை அதுல ஏத்துனது நான்."

நிப்பிள் இறுகும் சத்தம் கேட்டது.

"இப்ப எடுங்க" என்றான். கொஞ்சம் கழித்து, "அடுத்த சக்கரம்."

நான்கு சக்கரமும் முடித்தோம். விதிப்படி தூரத்துச் சக்கரம் முதலில், பக்கத்துச் சக்கரம் கடைசியில். அவன் வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பிரேக் ஆயில் தெறித்துவிட்டது என்றான். சரி என்றேன்.

7

புதுப் பேடுகள் வந்தன. தட்டுகளை அவன் மூன்று முறை கழுவினான். நித்யாவிடம் சாவி கொடுப்பதற்கு முன்னால் நான் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். அறுபத்தைந்து வயதில் அது லேசான காரியமில்லை. பேன்ட்டெல்லாம் ஈரம்.

"நான் பாத்துட்டேம்பா. வெளிய வாங்க" என்றான் சேகர்.

"நீ பாத்தது நீ பாத்தது."

வலது பின் சக்கரத்தின் உள்பக்கத்தை விரலால் தடவினேன். உலர்ந்திருந்தது. இடது பக்கம் நகர்ந்தேன். அதுவும் உலர்ந்திருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. சேகர் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தான்.

நித்யா தனியாகக் கிளம்பினாள். தெருமுனையில் பின் விளக்குகள் சிவந்தன. கார் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது. பிறகு திரும்பி மறைந்துவிட்டது. பள்ளி முடிந்ததும் கலிபோர்னியாவில் படிக்கப் போகிறாளாம். நாங்கள் இருவரும் வெறும் தெருவைப் பார்த்தபடி நின்றோம். சேகரும் நானும் அதற்குப் பிறகு அந்த விஷயம் பேசவில்லை. பேசினால் தீரும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, தீரவில்லை. இப்போது இரண்டு பேர் தூங்காமல் விழித்திருக்கிறோம் என்பது ஒருவருக்கொருவர் தெரியும், அவ்வளவுதான்.

அவனுக்கு அப்பா நான் என்பதால் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அந்தக் கடமை இல்லை. முனுசாமியின் குடும்பம் அடி அண்ணாமலையில் கடை வைத்திருப்பதாக ஆசிரியர் எழுதியிருந்தார். அவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவர் கண்ணசரவில்லை என்று.

கரீம் பாய், உங்களுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை என்றும், கடைக்கு வருகிறவர்கள் யாராவது படித்துக் காட்டுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். படிக்கிறவர் இந்த இடத்தில் தயங்கினால், தயங்காமல் படிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் உங்கள் கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன். வண்டி மேல் தப்பிருக்காது என்றீர்கள். தப்பு இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.